இரண்டு 811ஏ டியூபில் ஹாம் ஆம்ப்ளிஃபையர்: கட்டும் வரிசையும் பழுது பார்க்கும் வரிசையும்

காட்பாடியில் என் மேஜைக்கு ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்திலிருந்து வருடத்துக்கு நாலைந்து ஹாம் ஆம்ப் (பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களின் ரிக், அதாவது பேசும் ரேடியோ, தரும் சக்தியைப் பெருக்கும் பெட்டி) வரும். பாதியில் நின்றுபோனவை சில, முதல் நாளே புகைந்தவை சில. திறந்து பார்த்தால் பாகங்கள் பெரும்பாலும் நல்லவையாகவே இருக்கும். கட்டியவர் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு ஒரே சுவிட்சில் மொத்தத்துக்கும் உயிர் கொடுத்திருப்பார், அங்கேதான் கோளாறு. அதனால் இங்கே வரிசைக்குத்தான் முதலிடம். ஹெச்.டி. (ஹை டென்ஷன், டியூபின் பிளேட்டுக்குப் போகும் உயர் வோல்ட்டேஜ் டிசி) எப்போதும் கடைசி.

எடுத்துக்கொண்டிருப்பது கிரவுண்டட் கிரிட் முறையில் (கிரிட் சேசிஸோடு, அதாவது உலோகச் சட்டத்தோடு, இணைந்திருக்கும்) இரண்டு 811ஏ டியூப் (வால்வ்; உள்ளே சூடாகும் ஃபிலமென்ட், நடுவே கிரிட், வெளியே பிளேட்), பிளேட்டுக்கு 1,500 வோல்ட், 7 மற்றும் 14 மெகாஹெர்ட்ஸ். முதல் ஆம்பில் ஆறு பேண்ட் வேண்டாம். பேண்ட் சுவிட்ச் என்பது தனித் தலைவலி.

1. உரிமத்தைப் பாருங்கள்

ரெஸ்ட்ரிக்டட் கிரேடு ஹாம் உரிமம் என்றால் எல்லை 50 வாட். இந்த வேலை உங்களுக்கு இப்போது தேவையில்லை. ஜெனரல் கிரேடுக்கு ஹெச்.எஃப். (சிற்றலை) பேண்டுகளில் 400 வாட். 1,500 வோல்ட்டில் 265 மில்லிஆம்பியர் ஓடினால் டியூபுக்குள் போகும் சக்தி 400 வாட்டைத் தொடும், ஆன்டெனா பக்கம் சுமார் 240 வாட் வரும். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த எல்லைக்குள் போட்டதுதான்.

2. முதலில் செய்ய வேண்டியது ஆம்ப் இல்லை

ஹெச்.டி. கெபாசிட்டர்களில் நிற்கும் சக்தி சுமார் 53 ஜூல். வீட்டு 230 வோல்ட் ஷாக்கில் பிழைத்தவர் பலர் உண்டு. 1,500 வோல்ட் டிசி அந்த வாய்ப்பைக் கொடுக்காது. ஆகவே டியூப் வாங்கும் முன்பே இவை தயாராக இருக்க வேண்டும்.

ஒரு டிஸ்சார்ஜ் குச்சி. இரண்டடி பிவிசி பைப்பின் நுனியில் பித்தளைக் கொக்கி. அதிலிருந்து 470 ஓம் 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் இரண்டு தொடராக, அப்புறம் தடித்த ஒயர், அதன் மறுமுனை சேசிஸில் போல்ட் போட்டு நிரந்தரமாக. கிளிப் வேண்டாம், கழன்றுவிடும். ரெசிஸ்டர் எதற்கு என்றால், ஸ்க்ரூட்ரைவரால் நேரடியாக ஷார்ட் செய்தால் வெடிச் சத்தத்தோடு நுனி உருகும், கெபாசிட்டரும் உள்ளே அடிபடும். குச்சியால் இறக்கிய பிறகு, வேலை முடியும்வரை ஹெச்.டி.யையும் சேசிஸையும் ஒரு ஒயரால் இணைத்தே வைத்திருங்கள்.

தரையில் ரப்பர் பாய். சிமென்ட் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து வேலை செய்வது நம் வழக்கம், இந்த ஒரு வேலைக்கு அதை விட்டுவிடுங்கள். மோதிரம், கழுத்துச் செயின், இரும்பு வாட்ச் எல்லாம் கழற்றியாக வேண்டும். வீட்டில் யாராவது ஒருவருக்கு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டிவையுங்கள். "என்னைத் தொடாதே, முதலில் அதைத் தட்டு" என்றும் சொல்லிவையுங்கள். வீட்டில் ஆள் இல்லாத நாளில் ஹெச்.டி.யைத் தொடுவதில்லை என்பது என் வழக்கம்.

எர்த்தும் முக்கியம். வேலூர்ப் பக்கம் நாலடி தோண்டினால் சுக்கான்பாறை. சித்திரை, வைகாசியில் எர்த் குழி காய்ந்துபோய்ப் பெயரளவுக்குத்தான் இருக்கும். கரி, உப்பு போட்டு அமைத்த குழியாக இருந்தாலும் கோடையில் வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

3. டிரான்ஸ்ஃபார்மரைச் சொல்லி வாங்கும் விதம்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் மற்றதெல்லாம் கிடைக்கும். காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டும் ஒரு நாள் வேலைதான். ஹெச்.டி. டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் சொல்லிக் கட்ட வேண்டிய பொருள். பம்புசெட் மோட்டார் ரீவைண்டிங் செய்பவர்களைவிட ஸ்டெபிலைசர் கட்டுபவர்களிடம் கொடுங்கள். 1,100 வோல்ட் சுற்றுக்கு அடுக்குக்கு அடுக்கு இன்சுலேஷன் தாள் போடும் பழக்கம் அவர்களுக்கு இருக்கும்.

சொல்ல வேண்டியது: செகண்டரி 1,100 வோல்ட் (டிசி ஆக்கினால் லோடு இல்லாமல் 1,555, லோடு ஏறினால் சுமார் 1,500), 400 மில்லிஆம்பியர். பிரைமரியில் 220, 235, 250 வோல்ட்டுக்குத் தனித்தனி டேப். இந்த டேப்பைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். டவுனுக்குள் இரவு பத்து மணிக்கு மேல் லைன் 250 வரை ஏறும். 230க்கு மட்டும் கட்டியிருந்தால் லோடு இல்லாத ஹெச்.டி. 1,555லிருந்து 1,690க்குப் போய்விடும். 811ஏ தாங்கும் எல்லை 1,500. வார்னிஷில் முக்கி உலர்த்தித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் ஈரம் குடித்து உள்ளேயே பொறி பறக்கும்.

ஃபிலமென்டுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர்: 6.3 வோல்ட், 10 ஆம்பியர், சென்டர் டேப்போடு. இரண்டையும் ஒரே கோரில் சுற்றினால் காசு மிச்சம்தான். ஆனால் ஹெச்.டி. இல்லாமல் டியூபை மட்டும் சோதிக்க வழியே இல்லாமல் போகும்.

4. ஹெச்.டி. பலகை

ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜில் ஒரு கைக்கு மூன்று 1என்5408 டயோடு தொடராக, மொத்தம் 12. ஒரு டயோடு 1,000 வோல்ட் தாங்கும். ஒரு கையில் வரும் உச்சம் சுமார் 1,555. இரண்டு போட்டால் கணக்குக்குச் சரி, லைனில் ஒரு ஸ்பைக் வந்தால் சரியில்லை.

ஃபில்டருக்கு 220 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் எலக்ட்ரோலைட்டிக் ஐந்து தொடராக. ஒவ்வொன்றின் மேலும் 100 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டர். இந்த ரெசிஸ்டருக்கு இரண்டு வேலை: ஐந்து கெபாசிட்டருக்கும் வோல்ட்டேஜைச் சமமாகப் பங்கிடுவது, சுவிட்சை அணைத்த பிறகு சார்ஜை இறக்குவது. 22 விநாடிக்கு ஒரு முறை வோல்ட்டேஜ் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். இரண்டு நிமிடம் கழித்து பத்து வோல்ட்டுக்கும் கீழே.

எல்லா ரெசிஸ்டரும் நன்றாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. ஒன்று ஓப்பன் ஆனால் அந்த ஒரு கெபாசிட்டர் மட்டும் சார்ஜைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு முறை பழுதுக்கு வந்த ஆம்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தேன். மீட்டர் முள் பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது. பழைய மீட்டர், முள் சிக்கியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழங்கைவரை ஒரு உதறல். அன்றைக்கு உள்ளே இருந்தது 300 வோல்ட்டுக்கு மேல். முள் முழுதாக இறங்காவிட்டால் மீட்டரைச் சந்தேகப்படாமல் ரெசிஸ்டரைச் சந்தேகப்படுங்கள்.

பாசிட்டிவ் லைனில் பிளேட் சோக்குக்கு (ரேடியோ சிக்னல் ஹெச்.டி. பக்கம் போகாமல் தடுக்கும் காயில்) முன் 47 ஓம் 10 வாட் ஒயர்வவுண்ட் ஒன்று. டியூபுக்குள் ஃபிளாஷ் அடித்தால் கெபாசிட்டரிலிருந்து பாயும் கரண்டை 33 ஆம்பியரோடு நிறுத்துவது அதுதான். அது இல்லாத ஆம்புகளில் முதலில் சாவது பிளேட் மீட்டர்.

நெகட்டிவ் லைனைச் சேசிஸோடு நேரடியாகச் சேர்க்காதீர்கள். கிரிட் கரண்டையும் பிளேட் கரண்டையும் தனித்தனியாகப் பார்க்க அது சிறு ரெசிஸ்டர் வழியாகத்தான் வர வேண்டும். அந்த இடத்தில் எதிரெதிராக இரண்டு 1என்5408 போடுங்கள். ரெசிஸ்டர் எரிந்து ஓப்பன் ஆனால் நெகட்டிவ் லைன் முழுதும் 1,500 வோல்ட்டில் மிதக்கும், மீட்டர் சுவிட்சைத் தொட்டவர் கதி அதோகதி.

மெயின்ஸ் பக்கத்தில் இரட்டைப் போல் சுவிட்ச். வாடகை வீடுகளில் சாக்கெட்டில் லைனும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது சாதாரணம். சுவிட்சுக்குப் பிறகு பிரைமரிக்குத் தொடராக 47 ஓம் 25 வாட் ரெசிஸ்டர், இரண்டு விநாடியில் அதை ஷார்ட் செய்யும் ரிலே. காலியான கெபாசிட்டர் முதல் நொடியில் ஷார்ட்டுக்குச் சமம். இந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் தாங்கினால் டயோடு போகும்.

மூடியைத் திறந்தால் மெயின்ஸை வெட்டும் மைக்ரோசுவிட்ச் கட்டாயம். சோதிக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை டேப் ஒட்டி அமுக்கிவைக்கும் ஆட்கள் உண்டு. வேண்டாம்.

5. ஃபிலமென்ட் பக்கம்

ஒரு 811ஏ ஃபிலமென்டுக்கு 6.3 வோல்ட்டில் 4 ஆம்பியர். இரண்டுக்கும் சேர்த்து 8. கிரவுண்டட் கிரிட்டில் ரிக்கிலிருந்து வரும் ஆர்.எஃப். (ரேடியோ சிக்னல்) ஃபிலமென்டில்தான் நுழைகிறது. அது டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓடிவிடாமல் தடுக்க ஒரு சோக் வேண்டும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் நீளமான ஃபெரைட் ராடு போதும். 2 மில்லிமீட்டர் எனாமல் ஒயர் இரண்டை ஜோடியாகச் சேர்த்து 25 சுற்று. ஜோடியாகச் சுற்றுவதில்தான் சூட்சுமம்: இரண்டு ஒயரிலும் ஃபிலமென்ட் கரண்ட் எதிரெதிர் திசையில் ஓடி ராடை நிறையவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

ஃபிலமென்ட் வோல்ட்டேஜை டிரான்ஸ்ஃபார்மர் முனையில் அளக்காதீர்கள். டியூப் சாக்கெட்டின் 1, 4 பின்களில், டியூப் போட்டு எரியும்போது அளக்க வேண்டும். சோக்கிலும் சாக்கெட்டிலும் அரை வோல்ட் காணாமல் போவது சகஜம். 6 வோல்ட்டுக்குக் கீழே ஓட்டினால் எமிஷன் (ஃபிலமென்ட் உமிழும் எலக்ட்ரான்) குறையும், 6.6க்கு மேலே ஓட்டினால் ஆயுள் குறையும்.

3ஆம் பின் கிரிட். அதைத் தடித்த செம்புப் பட்டையால் சாக்கெட் பக்கத்திலேயே சேசிஸில் இணையுங்கள். மூன்று அங்குல ஒயர் விட்டால் அது ஒரு காயில். ஆம்ப் தானாகவே ஆஸிலேட் ஆகும், அதாவது ரிக் எதுவும் கொடுக்காமலேயே சிக்னல் உண்டாக்கும்.

சென்டர் டேப்பிலிருந்து நெகட்டிவ் லைனுக்குப் போகும் வழியில் ஏழு 1என்5408 தொடராக, முன்னோக்கிய திசையில். இது சுமார் 4.5 வோல்ட் பயாஸ், டியூபில் சும்மா ஓடும் கரண்டை அடக்கிவைக்கும் வோல்ட்டேஜ். 1,500 வோல்ட்டில் 811ஏ பயாஸ் இல்லாமல் சும்மா நின்றாலே சூடாகும். அதற்குத் தொடராக 10 கிலோஓம் ஒன்றையும் போட்டு, டிரான்ஸ்மிட் செய்யும்போது மட்டும் ரிலே அதை ஷார்ட் செய்யும்படி விடுங்கள். கேட்கும் நேரத்தில் டியூப் ஓய்வெடுக்கும், ரிசீவரில் இரைச்சலும் இருக்காது.

6. டேங்க்

டேங்க் என்பது டியூபின் பிளேட்டை 50 ஓம் ஆன்டெனா லைனுக்குப் பொருத்தும் சுற்று. இங்கே அது பை நெட்வொர்க்: பிளேட் பக்கம் ட்யூன் கெபாசிட்டர், நடுவே காயில், ஆன்டெனா பக்கம் லோடு கெபாசிட்டர். பிளேட் லோடு சுமார் 3,300 ஓம், க்யூ (சுற்றின் கூர்மை) 12 என்று வைத்துக்கொண்டால் மதிப்புகள் இப்படி வரும்.

7.1 மெகாஹெர்ட்ஸில் ட்யூன் கெபாசிட்டர் 82 பிகோஃபாரட், காயில் 6.7 மைக்ரோஹென்றி, லோடு கெபாசிட்டர் 490 பிகோஃபாரட். 14.2இல் எல்லாம் சரிபாதி: 41, 3.3, 245.

ட்யூன் மதிப்பில் டியூபும் ஒயரிங்கும் சேர்ந்து சுமார் 20 பிகோஃபாரட்டைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். அதனால் 14இல் மிச்சம் 20தான். உங்கள் கெபாசிட்டர் முழுதாகத் திறந்திருக்கும்போது அதற்குக் கீழே இறங்குகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். 300 பிகோஃபாரட் பெரிய கெபாசிட்டர் மலிவாகக் கிடைத்தது என்று கொண்டுவந்தவர் 14இல் டிப் (ட்யூன் சரியானதும் பிளேட் கரண்ட் குறையும் இடம்) கிடைக்காமல் ஒரு மாதம் அலைந்தார்.

லோடு கெபாசிட்டருக்குப் பழைய வால்வ் ரேடியோவின் கேங் கண்டென்சர் இரண்டு பகுதியையும் சேர்த்துப் போட்டால் போதும். அந்த இடத்தில் 50 ஓம் லைனில் உச்சம் 160 வோல்ட் அளவுதான். அதே கேங்கை ட்யூன் பக்கம் போட்டால் முதல் வார்த்தையிலேயே பொறி பறக்கும். அங்கே தகடுகளுக்கு நடுவே ஒன்றரை மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும்.

காயிலுக்கு 3 மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 50 மில்லிமீட்டர் பிவிசி பைப்பில் 18 சுற்று சுற்றி, உருவி எடுத்து, நான்கு அங்குல நீளத்துக்கு இழுத்துவிடுங்கள். லோடு முனையிலிருந்து எண்ணி பத்தாவது சுற்றில் 14க்கான டேப். பைப்பை உள்ளேயே விட்டுவிடாதீர்கள், சூட்டில் இளகும்.

ஒவ்வொரு டியூபின் மண்டையிலும் (பிளேட் இணைப்பு அங்கேதான்) 47 ஓம் 2 வாட் கார்பன் ரெசிஸ்டர், அதன் மேல் தடித்த ஒயரில் மூன்று சுற்று. விஹெச்எஃப்பில் தானாக எழும் பாரசிட்டிக்கை அடக்குவது அது. ஒயர்வவுண்ட் போட்டால் பயனில்லை, அதுவே ஒரு காயில்.

பிளேட்டையும் டேங்கையும் பிரிக்கும் பிளாக்கிங் கெபாசிட்டர் 1,000 பிகோஃபாரட், 5 கிலோவோல்ட். அப்புறம், பலர் விட்டுவிடும் ஒன்று: ஆன்டெனா முனைக்கும் சேசிஸுக்கும் நடுவே 2.5 மில்லிஹென்றி சோக். பிளாக்கிங் கெபாசிட்டர் ஷார்ட் ஆனால் 1,500 வோல்ட் மாடியில் உள்ள ஆன்டெனா ஒயருக்குப் போகும். அங்கே யாராவது துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த சோக் இருந்தால் ஹெச்.டி. தரைக்கு இறங்கி ஃபியூஸ் போய்விடும்.

7. காற்றும் பல்லியும்

நான்கு அங்குல ஃபேன் ஒன்று, டியூபின் கண்ணாடி அடிப்பகுதியில் காற்று படும்படி. நம் ஊரில் மே மாதம் அறைக்குள்ளேயே 40 டிகிரி. ஃபிலமென்ட் சுவிட்ச் போட்டவுடன் ஃபேனும் ஓட வேண்டும், தனிச் சுவிட்ச் வேண்டாம்.

எல்லா ஓட்டைகளுக்கும் சன்னமான கம்பி வலை அடியுங்கள். கதகதப்புக்குப் பல்லி உள்ளே குடியேறும். ஹெச்.டி. லைனுக்கும் சேசிஸுக்கும் நடுவே பல்லி கருகிய ஆம்ப் மட்டும் இதுவரை மூன்று பார்த்துவிட்டேன்.

8. முதல் முறை கரண்ட் கொடுப்பது

ஆன்டெனாவை மறந்துவிடுங்கள். அதற்குப் பதிலாகச் சக்தியை வாங்கிச் சூடாக்கிவிடும் டம்மி லோடு வேண்டும்: 1 கிலோஓம் 3 வாட் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர் இருபது இணையாக, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் நிரப்பிய தகர டப்பாவில். பத்து விநாடி கொடுத்து, ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். கடலை எண்ணெயில் செய்து பார்த்திருக்கிறேன். வேலை செய்தது, வீடு முழுக்க வடை வாசனை.

முதல் கட்டம், கரண்டே இல்லாமல். கெபாசிட்டர்களின் மேல் போட்ட ஐந்து பிளீடர் (சார்ஜை இறக்கும்) ரெசிஸ்டரையும் ஒவ்வொன்றாக அளங்கள். ஹெச்.டி. பாசிட்டிவுக்கும் சேசிஸுக்கும் நடுவே மல்டிமீட்டர் மெல்ல மெல்ல ஏறி 500 கிலோஓம் அருகில் நிற்க வேண்டும்.

இரண்டாவது, டியூப் போட்டு ஃபிலமென்டும் ஃபேனும் மட்டும். அரை மணி நேரம். பின்களில் 6.3 வருகிறதா பாருங்கள்.

மூன்றாவது, டியூபைக் கழற்றிவிட்டு ஹெச்.டி. பிரைமரிக்குத் தொடராக 100 வாட் சீரிஸ் லேம்ப். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பழைய குண்டு பல்புதான் வேண்டும். எல்இடி பல்பு போட்டுவிட்டு ஒன்றும் புரியவில்லை என்று போன் செய்தவர்கள் உண்டு.

நான்காவது, லேம்பை எடுத்துவிட்டு முழு ஹெச்.டி., டியூப் இல்லாமல், மூடி போட்டு, பத்து நிமிடம். வோல்ட்டேஜைப் பேனல் மீட்டரில் மட்டும் பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர் 1,000 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பேனல் மீட்டருக்கான ரெசிஸ்டரும் ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாது. கால் வாட் ரெசிஸ்டர் 250 வோல்ட் அளவுதான் தாங்கும் என்பதால் பத்தைத் தொடராகப் போடுங்கள்.

ஐந்தாவது, அணைத்து, இரண்டு நிமிடம் காத்து, குச்சி வைத்து, டியூபைப் பூட்டுங்கள். டிரைவ் (ரிக் கொடுக்கும் சக்தி) இல்லாமல் டிரான்ஸ்மிட் ரிலேயை இழுத்தால் பிளேட் கரண்ட் 30 முதல் 50 மில்லிஆம்பியர். ட்யூன், லோடு இரண்டையும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். டிரைவே இல்லாதபோது முள் ஆடினால் ஆஸிலேஷன். 5, 6ஆம் பகுதிகளுக்குத் திரும்புங்கள்.

9. ட்யூன் செய்வது

லோடு கெபாசிட்டரை முழுதாக மூடி வையுங்கள். ரிக்கை 10 வாட்டுக்குக் குறைத்து, ட்யூனைத் திருப்பி பிளேட் கரண்ட் குறையும் டிப்பைப் பிடியுங்கள். லோடைக் கொஞ்சம் திறந்து, மறுபடி டிப். டிரைவைக் கூட்டி, மறுபடி லோடு. பிளேட் 260 மில்லிஆம்பியருக்கு வந்ததும் நிறுத்துங்கள். டிரைவ் 40 முதல் 50 வாட்டுக்குள் இருக்கும்.

கண் கிரிட் மீட்டரில் இருக்கட்டும். கிரிட் கரண்ட் பிளேட் கரண்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் லோடு போதவில்லை என்று அர்த்தம். அங்கே டிரைவைக் கூட்டினால் பக்கத்து அலைவரிசைக்காரர் திட்டுவார்.

பிளேட் சிவந்தால் நிறுத்துங்கள். ஒரு 811ஏ தாங்குவது 65 வாட், 400 வாட்டில் தொடர்ந்து அமுக்கினால் இரண்டும் சேர்ந்து 160ஐ விழுங்கும். பேச்சுக்கு இது ஓடும், நடுவே மூச்சு விடுகிறோமே. எஃப்டி8 போன்ற, இடைவிடாமல் அமுக்கும் டிஜிட்டல் முறைகளுக்குப் பாதி சக்தி போதும். அதிகம் வேண்டுமென்றால் 572பி டியூப். அதே பின், அதே ஃபிலமென்ட், ஒன்றுக்கு 160 வாட் தாங்கும்.

10. பழுது பார்க்கும் வரிசை

ஃபியூஸ் போன ஆம்பில் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். டியூபைக் கழற்றிவிட்டு சீரிஸ் லேம்பில் பாருங்கள். பல்பு மங்கினால் பழி டியூப் மேல். 1ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் நடுவே தொடர்பு காட்டினால் கிரிட் ஃபிலமென்டைத் தொட்டுவிட்டது. மங்காவிட்டால் டயோடு, கெபாசிட்டர், கடைசியாக டிரான்ஸ்ஃபார்மர். டயோடு ஒன்று ஷார்ட் என்றால் அந்தக் கையின் மூன்றையும் மாற்றுங்கள், மற்ற இரண்டும் அடிபட்டிருக்கும்.

டியூபுக்குள் உலோகத் தகடுகளுக்கு நடுவே ஊதா ஒளி பரவினால் காற்று இறங்கிவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். கண்ணாடிச் சுவரில் மட்டும் தெரியும் இளநீலம் கோளாறு இல்லை.

ஃபிலமென்ட் சரி, ஹெச்.டி. சரி, டிரைவ் இல்லாதபோது நிற்கும் கரண்டும் சரி, ஆனால் சக்தி வரவில்லை என்றால் கோளாறு டிரான்ஸ்மிட் ரிலேயில். கான்டாக்டைத் தாளால் துடையுங்கள், உப்புக் காகிதம் வேண்டாம். ரிலே திரும்பும் முன்பே ரிக் சக்தியைக் கொடுத்துவிடுவதால்தான் கான்டாக்ட் கருகுகிறது. ரிக்கின் டிரான்ஸ்மிட் தாமதத்தை 20 மில்லிவிநாடிக்கு வையுங்கள்.

மழைக்காலத்தில் பல நாள் மூடிக் கிடந்த ஆம்ப் என்றால் முதலில் அரை மணி நேரம் ஃபிலமென்டும் ஃபேனும் மட்டும் ஓடட்டும். அப்புறம் ஹெச்.டி.